பாம்புக் கேள்விகள்: பூட்ஸ் வாங்க வந்தவர்கள் கேட்டதும் நான் சொன்னதும்

மலேசியாவில் கெடா மாநிலத்துப் பாடாங் செராய் பக்கத்தில் தோட்டச் சாமான் கடை வைத்திருக்கிறேன். செம்பனைக் குலை வெட்டும் அரிவாள், உளி, கையுறை, டார்ச், பூட்ஸ் எல்லாம் கிடைக்கும். பூட்ஸ் வாங்க வருகிறவர்களில் பாதிப் பேர் காலை உள்ளே விட்டுப் பார்த்துக்கொண்டே பாம்பைப் பற்றித்தான் கேட்பார்கள், அதுவும் முந்தின நாள் ராத்திரி போனில் ஏதாவது வீடியோ பார்த்துவிட்டு வந்திருந்தால் கடை மூடும் வரைக்கும் பேச்சு ஓடும். ஒரே பதிலை எத்தனை தடவைதான் சொல்வது, எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். நான் டாக்டர் இல்லை. பாம்பு கடித்த ஒரு அம்மாவின் மகன், அதனால் இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படிக்கிறவன், அவ்வளவுதான்.

உலகத்திலேயே ரொம்ப ஆபத்தான பாம்பு எது, அண்ணே?

இந்த ஒரு கேள்விக்குள் மூன்று கேள்வி இருக்கிறது. யாருக்கு விஷம் கடுமை? யார் அதிகம் பேரைக் கொல்கிறது? நாளைக் காலையில் உங்கள் காலுக்குப் பக்கத்தில் இருக்கப்போவது யார்? மூன்றுக்கும் வேறு வேறு பதில். முதல் கேள்விக்கு ஆஸ்திரேலியாவின் உள்நாட்டுத் தைப்பான். இரண்டாவதுக்கு இந்தியாவிலும் ஆப்பிரிக்காவிலும் இருக்கிற விரியன் சாதிகள், முக்கியமாகச் சுருட்டைவிரியன், கண்ணாடிவிரியன். மூன்றாவதுக்கு, நம்ம கெடா பக்கத்தில் இருந்தால், மலாய்க்காரர்கள் காப்பாக் போடோ என்று சொல்கிற குட்டையான பழுப்பு விரியன். வீடியோ எல்லாம் முதல் கேள்வியைப் பற்றித்தான் வரும். நான் கவலைப்படுவது மூன்றாவதைப் பற்றி.

உலகத்தில் பாம்பு வகை சுமார் 4000 இருக்கும். அதில் 600 போலத்தான் விஷம் உள்ளவை, அந்த 600-லும் மனிதனைக் கொல்லவோ முடமாக்கவோ கூடியவை 200 சொச்சம்.

அந்தத் தைப்பான் ஒரே கடியில் நூறு பேரைக் கொல்லுமாமே?

கணக்குப்படி கொல்லும். எலிகளுக்கு விஷத்தை ஊசி போட்டு, பாதி எலி சாக எவ்வளவு வேண்டும் என்று பார்ப்பார்கள், அந்தப் பட்டியலில் உள்நாட்டுத் தைப்பான்தான் தலைமேல் நிற்கிறது. ஒரு கடியில் இறங்குகிற விஷத்தை அந்த அளவில் வகுத்தால் நூறு ஆள் என்று வரும். ஆனால் நூறு பேரை வரிசையில் நிற்க வைத்து அது கடிக்கப் போவதில்லை. அது இருப்பது குயின்ஸ்லாந்து, தென் ஆஸ்திரேலியா எல்லையில், மனிதன் அபூர்வமாகப் போகிற காய்ந்த மண் வெடிப்புகளுக்குள். எலியைத் தின்று, மண்ணுக்குள் படுத்து, கூச்சமாக வாழ்கிற பிராணி. அது கடித்து இன்னார் செத்தார் என்று உறுதியான பதிவு ஒன்றுகூட இல்லை. உலகத்துக் கொடிய பாம்புகளில் பாதி ஆஸ்திரேலியாவில் இருப்பது போல வீடியோவில் காட்டுகிறார்கள், அந்த நாடு முழுக்கப் பாம்புக்கடியில் சாகிறவர்கள் ஆண்டுக்கு இரண்டு மூன்று பேர்தான்.

அதன் பங்காளி கடலோரத் தைப்பான் வேறு ரகம், கரும்புத் தோட்டப் பக்கமெல்லாம் வரும். 1950-ல் கெவின் படன் என்ற இருபது வயதுப் பையன், மருந்து தயாரிக்க விஷம் வேண்டும் என்பதற்காகக் கேர்ன்ஸில் ஒன்றை உயிரோடு பிடித்தான், பையில் போடும்போது அது கையைக் கடித்துவிட்டது. மறுநாள் செத்துப்போனான். அவன் பிடித்த பாம்பை உயிரோடு அனுப்பி, அதன் விஷத்தை ஆராய்ச்சிக்கு எடுத்தார்கள். 1955-ல் தைப்பானுக்கு மருந்து வந்தது.

பிளாக் மாம்பா மோட்டாரை விரட்டிப் பிடிக்குமா?

பிடிக்காது. குறுகிய தூரத்துக்கு மணிக்கு 15, 16 கிலோமீட்டர் வேகம் போகலாம், உங்கள் பழைய ஹோண்டாகூட அதைவிட வேகம். அது ஓடுவதும் பெரும்பாலும் தன் பொந்தைப் பார்த்துத்தான், நாம் நடுவில் நின்றால் விரட்டுகிறது என்று தோன்றும். பெயரில்தான் கறுப்பு, உடம்பு சாம்பல் நிறம், வாயைத் திறந்தால் உள்ளே மையைக் கொட்டியது போல இருக்கும். விஷம் மட்டும் விளையாட்டில்லை. ஆப்பிரிக்காவில் மருந்து இல்லாத காலத்தில் அது கடித்துப் பிழைத்தவர் அபூர்வம்.

அப்படியென்றால் மனிதர்கள் அதிகம் சாவது எங்கே?

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு: ஆண்டுக்குச் சுமார் 54 லட்சம் பேரைப் பாம்பு கடிக்கிறது, 81,000-லிருந்து 1,38,000 பேர் வரை சாகிறார்கள், அதைப்போல மூன்று மடங்குப் பேர் கையோ காலோ போய், அல்லது நிரந்தர ஊனத்தோடு மிஞ்சுகிறார்கள். இதில் இந்தியாவின் பங்கு பயங்கரம். 2000-லிருந்து 2019 வரை அங்கே சுமார் 12 லட்சம் பேர் பாம்புக்கடியில் செத்ததாக 2020-ல் வந்த ஆய்வு சொல்கிறது, வருஷத்துக்கு 58,000.

அங்கே நாலு பேர்: நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன். இந்த நாலில் எதுவும் விஷப் பட்டியலில் தைப்பானுக்குப் பக்கத்தில்கூட வராது. சுருட்டைவிரியன் ஒரு முழத்துக்குக் கொஞ்சம் மேலே நீளம், செதிலோடு செதிலை உரசி வாணலியில் எண்ணெய் காய்வது போலச் சத்தம் போடும். அது வெறுங்காலோடு வயலுக்குப் போகிறவன் காலடியில் இருக்கிறது, கடிபட்டவன் வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவில் நாலு மணி நேரம் இருக்கிறது. அதில்தான் சாவு.

நம்ம தாத்தா பாட்டி கப்பலேறி வந்தபோது இந்த நாலு பெயரையும் கூடவே கொண்டுவந்துவிட்டார்கள். அதனால் இங்கே வரி போட்ட பாம்பைப் பார்த்தாலே கண்ணாடிவிரியன் என்பார்கள். மலேசியாவில் கண்ணாடிவிரியனும் இல்லை, சுருட்டைவிரியனும் இல்லை. படத்தின் பின்பக்கம் மூக்குக்கண்ணாடி வரைந்த அந்த இந்திய நல்லபாம்பும் இல்லை. பெயரை மாற்றிச் சொன்னால் என்ன குடிமுழுகிவிடும் என்று கேட்பீர்கள். ஆஸ்பத்திரியில் பெயரைத் தப்பாகச் சொன்னால் டாக்டருக்குக் குழப்பம், அதுதான்.

சரி, நம்ம தோட்டத்தில் எதற்குப் பயப்பட வேண்டும்?

காப்பாக் போடோ. காப்பாக் என்றால் கோடரி, போடோ என்றால் மக்கு. மக்கு என்று ஏன் பெயர் வைத்தார்கள் என்றால், ஆள் பக்கத்தில் வந்தாலும் ஓடாது. மற்ற பாம்பு நம் காலடி அதிர்வு கேட்டவுடன் விலகிவிடும், இது சருகுக்குள் சுருண்டு அப்படியே கிடக்கும். பழுப்பு உடம்பு, இரண்டு பக்கமும் கரும்பழுப்பு முக்கோணம் முக்கோணமாக, கூர் மூக்கு, கண்ணுக்குக் குறுக்கே ஒரு கறுப்புக் கோடு. நீளம் ஒரு மீட்டர் தாண்டுவது அபூர்வம். பெர்லிஸ், கெடா, பினாங்கு, வட பேராக் பக்கம்தான் இது அதிகம். தெற்கே ஜொகூரில் இருக்கிற சொந்தக்காரர்களிடம் சொன்னால் அப்படி ஒரு பாம்பா என்பார்கள்.

அம்மாவைக் கடித்தது இதுதான். 1974, அப்போது இங்கே எல்லாம் பால்மரம், அதாவது ரப்பர். பெரட்டில் ஆள் கணக்கெடுத்து முடிந்து விடியுமுன்னே தீம்பாருக்குள், அதாவது மரக்காட்டுக்குள், போய்விட்டார், தலையில் விளக்கு, என்னைப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு. நிரையில் ஏழாவதோ எட்டாவதோ மரம், பால் பிடிக்கிற மங்குக் கிண்ணத்தைத் துடைத்து வைக்கக் குனிந்தபோது இடது கால் சுண்டுவிரல் ஓரத்தில் நெருப்பு வைத்தது போல இருந்ததாம். முள் என்று நினைத்து அடுத்த மரத்துக்குப் போய்விட்டார். அங்கிருந்து மூன்றாவது மரத்தில் செருப்பு வார் இறுகிப்போய் நடக்க முடியவில்லை. சத்தம் கேட்டு வந்த தண்டல் (வேலையை மேற்பார்க்கிறவர்), டார்ச் அடித்துக்கொண்டு கடிபட்ட மரத்துக்குப் போய்ப் பார்த்தால், அந்தப் பாம்பு கடித்த இடத்திலேயே, அதே சருகின் மேல், தலையைத் தூக்கக்கூட இல்லாமல் உட்கார்ந்திருக்கிறது. கடித்துவிட்டு அங்கேயே கிடப்பது இந்தப் பாம்பின் வழக்கம் என்று பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டேன். தோட்ட லாரியில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். முழங்கால் வரைக்கும் வீக்கம், கொப்புளம், பல் தேய்த்தால் ஈறில் நிற்காமல் ரத்தம். பதினோரு நாள் கழித்துத்தான் வீட்டுக்கு வந்தார். சுண்டுவிரல் இன்றைக்கும் கறுத்து, மடங்கினபடியே இருக்கிறது.

ரத்தம் நிற்காததற்குக் காரணம், இதன் விஷம் ரத்தத்தில் உறைகிற பொருளைத் தின்றுவிடுகிறது. 1950, 60-களில் பினாங்கு பொது மருத்துவமனையில் வேலை பார்த்த அலிஸ்டர் ரீட் என்ற டாக்டர், கெடா, பினாங்கு தோட்டக்காரர்களைக் கடித்த இந்த விரியனைப் பற்றி வருஷக் கணக்கில் குறிப்பெடுத்தவர். கடிபட்ட சிலருக்கு நாள் கணக்கில் ரத்தம் உறையாமல் இருந்தும் பெரிய ரத்தப்போக்கு இல்லை என்பதை அவர் கவனித்தார். அதிலிருந்துதான் ரத்தக் கட்டியைத் தடுக்கும் அன்க்ராட் என்ற மருந்தே பிறந்தது. உலகத்து மருத்துவப் புத்தகத்தில் நம் ஊர்ப் பால்மரத்துக்காரர்களின் காலும் கொஞ்சம் இருக்கிறது.

கறுப்பு நாகம் கண்ணில் துப்புமா?

துப்பும். மலாயில் தெடோங் செண்டோக். செண்டோக் என்றால் அகப்பை, படமெடுத்தால் அப்படித்தான் இருக்கும். செம்பனைத் தோட்டத்தில் எலி ஜாஸ்தி, எலி இருக்கிற இடத்தில் இதுவும் இருக்கும். அடுக்கி வைத்த மட்டைக்கு அடியில், ஸ்டோர் பின்னால், கோழிக்கூண்டுப் பக்கம். வடக்கே ஒற்றை வளையம் போட்ட இன்னொரு நாகமும் உண்டு.

துப்பினால் இரண்டு மீட்டர் தூரம்கூட வரும், குறி முகம்தான். கண்ணில் பட்டால் உடனே தண்ணீர், குழாயோ போத்தலோ எதுவானாலும், கால் மணி நேரம் நிறுத்தாமல் ஊற்றிக் கழுவ வேண்டும். கசக்கக் கூடாது. தாய்ப்பால் விடுவது, எலுமிச்சம்பழம் பிழிவது எல்லாம் வேண்டாம் தாயே. கழுவிவிட்டுக் கண்ணை டாக்டரிடம் காட்டுங்கள், இல்லாவிட்டால் கருவிழியில் புண் ஆகிவிடும். தோலில் பட்டால் கழுவினால் போதும், உடம்புக்குள் போகாது. கடித்தால்தான் வேறு கதை: கடித்த இடம் கறுத்து அழுகும், கண் இமை தொங்கும், மூச்சு சிரமப்படும்.

ராஜநாகம் இந்தப் பக்கம் உண்டா?

உண்டு, தெடோங் செலார் என்பார்கள். உலகத்தில் நீளமான விஷப்பாம்பு இதுதான், அதிலும் சாதனை நம்ம நாட்டுக்காரனுக்கு! 1937-ல் போர்ட்டிக்சன் பக்கத்தில் பிடித்து லண்டன் மிருகக்காட்சி சாலைக்குக் கொண்டுபோன ஒன்று 5.71 மீட்டர் வளர்ந்தது. 1939-ல் போர் தொடங்கியதும், குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் என்ன ஆவது என்று அதைக் கொன்றுவிட்டார்கள். இது தின்பது மற்ற பாம்புகளை, முட்டையிட சருகைக் கூட்டிக் கூடு கட்டும், அப்படிக் கட்டுகிற பாம்பு வேறு கிடையாது. எல்லாம் ஒரே வகை என்று நினைத்திருந்ததை 2024-ல் நாலு வகையாகப் பிரித்துவிட்டார்கள், நம்முடையது சுந்தா வகை.

விஷத்தின் கடுமை நடுத்தரம்தான், ஆனால் இறக்குகிற அளவு தேக்கரண்டிக் கணக்கு. பழகினவர்களையே கொல்லும் பாம்பு இது. 'பாம்பு ராஜா' என்று பேர் வாங்கிய அலி கான் சம்சுடின் 2006-லும், பாம்பு பிடிக்கப் பொம்பாக்காரர்களுக்கே (தீயணைப்புப் படை) பயிற்சி கொடுத்த அபு ஜரின் ஹுசின் 2018 மார்ச்சில் பெந்தோங்கிலும் இதனிடம் கடிபட்டுத்தான் போனார்கள். இதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு படம் எடுக்கிற தம்பிகளுக்கு நான் வேறு ஒன்றும் சொல்வதில்லை, இந்த இரண்டு பேரையும் மட்டும் சொல்வேன்.

கறுப்பு வெள்ளை வரி போட்டது?

அதுதான் கட்டுவிரியன் சாதி, இங்கே காத்தாம் தெபு. தெபு என்றால் கரும்பு. ராத்திரிக்காரன். கடித்தால் வலிக்காது, வீங்காது, எறும்பு கடித்த மாதிரி இருக்கும், சில பேருக்கு அதுவும் தெரியாது. தூங்கி எழுந்தால் இமை பாதி மூடியிருக்கும், விழுங்க முடியாது, பேச்சு குழறும், அப்புறம் மூச்சு நிற்கும். வலிக்கவில்லை, அதனால் விஷமில்லை என்று வீட்டில் இருந்துவிடுகிறார்கள் பாருங்கள், அங்கேதான் ஆள் போகிறது.

ஜோ ஸ்லோவின்ஸ்கி என்று அமெரிக்கப் பாம்பு விஞ்ஞானி, 2001 செப்டம்பரில் வட பர்மாக் காட்டில், ஆபத்தில்லாத பாம்பு என்று சொல்லிக் கொடுத்த பைக்குள் கையை விட்டார். உள்ளே இருந்தது குட்டிக் கட்டுவிரியன். மூச்சு நின்ற பிறகு கூட இருந்தவர்கள் வாயோடு வாய் வைத்து மணிக்கணக்கில், மாறி மாறி ஊதி உயிரைப் பிடித்து வைத்திருந்தார்கள். மழையில் ஹெலிகாப்டர் வர முடியவில்லை. மறுநாள் இறந்துவிட்டார். ஒரு மூச்சு இயந்திரம் இருந்திருந்தால் பிழைத்திருக்கக்கூடும். பாம்பை விடத் தூரம்தான் கொன்றது என்று நான் நினைப்பேன்.

பினாங்குப் பாம்புக் கோயில் பாம்புக்கு விஷம் உண்டா?

உண்டு. பாயான் லெப்பாஸ் கோயிலில் கிளைமேல் சும்மா படுத்திருப்பது காப்பாக் தோக்கோங் என்கிற விரியன். சாம்பிராணிப் புகையில் மயங்கிக் கிடக்கிறது என்று கதை சொல்வார்கள், அதன் சுபாவமே பகல் முழுக்க அசையாமல் கிடப்பதுதான். தொடாதீர்கள்.

மலைப்பாம்பு?

விஷமில்லை. கடித்தால் கிழியும், பெரியதாக இருந்தால் சுற்றி நெரிக்கும். எலி தின்கிறது, தோட்டத்துக்கு லாபம்.

கடித்துவிட்டால் முதலில் என்ன செய்ய?

பாம்பை விட்டு நாலடி தள்ளி வாருங்கள். மோதிரம், வளையல், மெட்டி, கொலுசு, கைக்கடிகாரம், இறுக்கமான பூட்ஸ் எல்லாம் உடனே கழற்ற வேண்டும், அரை மணி கழித்து வீங்கினால் வெட்டித்தான் எடுக்க வேண்டும். கடித்த கையையோ காலையோ ஆட்டக் கூடாது, மட்டைத் துண்டோ அட்டையோ வைத்து, எலும்பு முறிந்தவருக்குக் கட்டுவது போலத் தளர்வாகக் கட்டிவிடுங்கள். நடக்க விடாதீர்கள். மோட்டார்தான் இருக்கிறது என்றால் நடுவில் உட்கார வைத்துப் பின்னால் ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். அவசர எண் 999 அடியுங்கள், ஆம்புலன்ஸ் வர நேரமாகும் என்றால் காடி (கார்) வைத்திருக்கிற பக்கத்து வீட்டுக்காரரை எழுப்புங்கள், ராத்திரி இரண்டு மணியானாலும் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

போகும் வழியில் ஒரு காரியம்: பேனாவை எடுத்து வீக்கம் எதுவரை வந்திருக்கிறதோ அந்த ஓரத்தில் தோலிலேயே கோடு போட்டு மணியை எழுதுங்கள். அரை மணிக்கு ஒரு கோடு. ஆஸ்பத்திரியில் இறங்கும்போது 6.10, 6.40, 7.10 என்று மூன்று கோடு இருந்தால் டாக்டருக்கு அது பத்து நிமிஷப் பேச்சை மிச்சப்படுத்தும்.

சின்ன கிளினிக்கில் போய் வரிசையில் உட்காராதீர்கள். அவசரப் பிரிவு உள்ள அரசு மருத்துவமனைக்கு நேரே போங்கள்.

மேலே இறுக்கிக் கயிறு கட்ட வேண்டாமா? தாத்தா அப்படித்தானே செய்வார்?

வேண்டாம். தாத்தாவுக்கு அப்போது வேறு வழி தெரியாது. விரியன் விஷம் சதையைத் தின்கிற சாதி, ரத்தம் போகாமல் இறுக்கிவிட்டால் விஷம் முழுக்க அங்கேயே நின்று அந்தக் காலை அழுக வைக்கும். அவிழ்க்கும்போது எல்லாம் ஒரே மூச்சில் மேலே ஏறுகிற ஆபத்து வேறு. ஏற்கெனவே யாராவது கட்டிவிட்டிருந்தால் நீங்களாக அவிழ்க்காமல் டாக்டர் முன்னால் அவிழ்க்கட்டும்.

பிளேடால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது, ஐஸ் வைப்பது, மின்சாரம் கொடுப்பது, மஞ்சள் சுண்ணாம்பு பூசுவது, ஒரு கிளாஸ் சம்சுச் சாராயம் ஊற்றி விடுவது, ஒன்றும் வேண்டாம். ரத்தம் உறையாதவனைப் பிளேடால் கீறினால் என்ன ஆகும், நீங்களே யோசியுங்கள்.

பாம்பை அடித்துக் கொண்டுபோய்க் காட்ட வேண்டுமா?

போனில் தள்ளி நின்று ஒரு படம், அதுவும் முடிந்தால். அடிக்கப் போய் இரண்டாவது ஆளும் கடிபட்டு வருகிற கதை உண்டு. வெட்டிப் போட்ட தலைகூட ஒரு மணி நேரம் வரைக்கும் கடிக்கும், அது உயிர் இருந்து கடிப்பதில்லை, நரம்பு துடிப்பதில் கடிப்பது, விஷம் அதேதான். இங்கே ஆஸ்பத்திரி டாக்டர்களுக்குப் படத்தைப் பார்த்து இன்ன பாம்பு, இன்ன மருந்து என்று போனில் சொல்லிக் கொடுக்கிற நிபுணர் குழு 2012-லிருந்து இருக்கிறது. மங்கலான படம்கூட உதவும்.

ஊசி போட்டால் உடனே சரியாகிவிடுமா? அந்த மருந்து எங்கிருந்து வருகிறது?

குதிரையிலிருந்து. பாம்பு விஷத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குதிரைக்கு ஏற்றி, அதன் ரத்தத்தில் உண்டாகிற எதிர்ப்புப் பொருளைப் பிரித்தெடுப்பார்கள். 1890-களில் ஆல்பெர்ட் கால்மெட் தொடங்கிய முறை, அடிப்படை இன்னும் அதேதான். எந்தப் பாம்பு விஷத்தைக் குதிரைக்கு ஏற்றினார்களோ அதற்கும் அதன் நெருங்கிய சொந்தத்துக்கும்தான் வேலை செய்யும். தமிழ்நாட்டில் வடநெம்மேலியில் இருளர்கள் 1978-லிருந்து கூட்டுறவுச் சங்கம் வைத்து விஷம் எடுத்துக் கொடுக்கிறார்கள், இந்திய மருந்துக்கு அதுதான் பெரிய ஆதாரம். அந்த இருளர்களில் வடிவேல் கோபால், மாசி சடையன் இரண்டு பேருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். ஆனால் அந்த மருந்து அந்த நாலு பாம்புக்கு. ஊருக்குப் போகிற மச்சானிடம் சொல்லி ஒரு குப்பி வாங்கி வந்து ஐஸ் பெட்டியில் வைக்கலாமா என்று என்னிடம் கேட்டவர் உண்டு. வைக்கக் கூடாது, நம்ம காப்பாக் போடோவுக்கு அது பொருந்தாது. இங்கே வருவது பேங்காக்கில் தாய் செஞ்சிலுவைச் சங்கத்தின் ராணி சவோபா நிலையத்தில் செய்கிற மருந்து, காப்பாக் போடோவுக்கு என்றே அங்கே தனியாக உண்டு.

கடித்த எல்லோருக்கும் போட மாட்டார்கள். விஷம் ஏறின அறிகுறி இருந்தால்தான் போடுவார்கள், ஏனென்றால் குதிரைச் சீரம் ஒத்துக்கொள்ளாமல் சிலருக்கு மூச்சு முட்டும், அதற்கு வேறு ஊசியைக் கையில் வைத்துக்கொண்டுதான் ஏற்றுவார்கள். குழந்தைக்கும் பெரியவருக்கும் ஒரே அளவு, பாம்பு ஆளைப் பார்த்து அளந்து கடிப்பதில்லையே. வீங்கிச் செத்த சதையை மருந்து திருப்பிக் கொண்டுவராது, மேற்கொண்டு போகாமல்தான் நிறுத்தும். அம்மாவின் சுண்டுவிரல் அதற்குச் சாட்சி.

ஒன்றுமே ஆகவில்லை, ஆனாலும் ஒரு நாள் படுக்க வைத்துவிட்டார்கள். ஏன்?

விஷம் தாமதமாக வேலை காட்டும், அதனால் 24 மணி நேரம் பார்ப்பது வழக்கம். ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிஷம் ஆடாமல் வைத்துச் சாய்த்துப் பார்ப்பதும் ஒரு சோதனை. கட்டியாக நின்றால் நல்லது, தண்ணீராக ஓடினால் விஷம் ஏறியிருக்கிறது. கட்டியாக நின்றாலும் சில மணி கழித்துத் திரும்பவும் பார்ப்பார்கள்.

எங்கள் தோட்டத்தில் ஒரு தாத்தா மந்திரித்தே எத்தனையோ பேரைக் காப்பாற்றினார். அது எப்படி?

விஷப்பாம்பு கடிக்கும்போதெல்லாம் விஷத்தை இறக்குவதில்லை. பாம்புக்கு விஷம் என்பது சோறு சம்பாதிக்கிற கருவி, நம்மைத் தின்னப் போவதில்லை, அதனால் சும்மா பல்லை மட்டும் பதித்துவிட்டுப் போவதும் நிறைய. மேலே சொன்ன ரீட் பார்த்தவர்களில்கூட விஷம் ஏறாதவர்கள் கணிசம். அப்புறம் விஷமே இல்லாத பாம்பு கடித்தவர்கள் வேறு. இவர்கள் எல்லாம் தாத்தாவிடம் போனாலும் பிழைப்பார்கள், என் கடையில் வந்து பூட்ஸ் வாங்கினாலும் பிழைப்பார்கள். தாத்தாவைத் திட்ட எனக்கு மனசு இல்லை, பயந்து நடுங்குகிறவனை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்து ஆறுதல் சொல்கிறார், அது நல்ல காரியம்தான். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் அதைக் காடியில் உட்கார்ந்து சொல்லட்டும் என்பேன்.

பாம்பு பழி வாங்குமா? பால் குடிக்குமா? சாரையும் நாகமும் பிணையுமா?

பழி வாங்காது, யாரையும் ஞாபகம் வைத்துக்கொண்டு தேடி வருகிற மூளை அதற்கு இல்லை. பால் அதன் சாப்பாடு இல்லை, தாகத்தில் எதைக் கொடுத்தாலும் குடித்துவைக்கும். புற்றுக்கு ஊற்றுகிற பால் அம்மனுக்கு, அதைப் பற்றி எனக்குப் பேச்சில்லை, வெள்ளிக்கிழமை நானும் ஊற்றுகிறேன். சாரையும் நாகமும் பிணைவதாகச் சொல்வது பெரும்பாலும் இரண்டு ஆண் சாரைகள் ஒன்றை ஒன்று தரையில் அழுத்திப் பார்க்கிற சண்டை. கொம்பேறிமூக்கன் கடித்துவிட்டுச் சுடுகாட்டு மரத்தில் ஏறிப் புகை வருகிறதா என்று பார்க்கும் என்பார்களே, அந்தப் பாவத்துக்கு விஷமே இல்லை.

வீட்டைச் சுற்றி பெலேராங் தூவினால் வராதா?

கந்தகம் விற்றால் எனக்கு லாபம், இருந்தாலும் சொல்கிறேன், அதைத் தாண்டிக்கொண்டு பாம்பு நிம்மதியாகப் போகும். உப்பு, பூண்டு எல்லாம் அப்படித்தான். எலியை ஒழியுங்கள், கோழித்தீவனத்தை மூடி வையுங்கள், வீட்டுச் சுவரோடு பலகை, மட்டை, பழைய தகரம் அடுக்காதீர்கள், கதவுக்கு அடியில் இருக்கிற இடைவெளியை ரப்பர் பட்டை வைத்து அடையுங்கள்.

உள்ளே வந்துவிட்டால் அந்த அறைக் கதவைச் சாத்தி, கீழே துணியைத் திணித்து, பொம்பாவுக்கோ பொதுத் தற்காப்புப் படைக்கோ 999-ல் சொல்லுங்கள், காசு வாங்காமல் வந்து பிடித்துப் போவார்கள். துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வீரம் காட்டுகிற மாமாவை வெளியே உட்கார வையுங்கள்.

கடைசியாக, எந்த பூட்ஸ் வாங்க?

கம்போங் அடிடாஸ் என்று செல்லமாகச் சொல்கிற அந்தக் கறுப்பு ரப்பர் சப்பாத்து வழுக்காது, மலிவு, எனக்கும் பிடிக்கும். ஆனால் அது கணுக்காலுக்குக் கீழேயே நின்றுவிடுகிறது, பாம்பு கடிப்பதோ பாதத்திலும் கணுக்காலிலும்தான். முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே வருகிற ரப்பர் பூட்ஸ் எடுங்கள், ஒரு அளவு பெரியதாக, உள்ளே காலுறையோடு. போடுமுன் தலைகீழாகத் தட்டுங்கள், தேள் இருக்கும், தவளை இருக்கும், தவளையைத் தேடி வந்தது இருக்கும்.

செம்பனை உதிரிப்பழம் பொறுக்குகிற அக்காமார்களுக்குக் கால் மட்டும் பத்தாது, கைதான் சருகுக்குள் போகிறது. கையுறை இருந்தாலும் முதலில் கம்பியாலோ குச்சியாலோ கிளறிவிட்டு அப்புறம் கையை விடுங்கள். காப்பாக் போடோவுக்குச் சத்தம் போட்டால் போகிற பழக்கம் இல்லை என்று சொன்னேனே, அதனால் அதட்டிப் பிரயோசனமில்லை, கிளறித்தான் பார்க்க வேண்டும்.

அம்மா இப்போது என்னோடு தாமான் குடியிருப்பில் இருக்கிறார், சுற்றிலும் சிமெண்டு. பின்வாசலில் பெயின்ட் டின்னில் ஒரே ஒரு கருவேப்பிலைச் செடி. ரசத்துக்கு நாலு இலை பறிக்கப் போனாலும் கையில் ஒரு குச்சி எடுத்துக்கொண்டு போய், டின்னைச் சுற்றி இரண்டு தட்டு தட்டிவிட்டுத்தான் குனிகிறார்.